பத்தாவது நேர்காணல்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நேர்காணலுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர்தான் அவள் கையில் தேறுவார். உலகமெங்கும் கிளைகள் உள்ள அந்தப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்குள் அவளே இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை நுழைந்தவள். அதனால் வருகிறவரின் விண்ணப்பத்தை முதல் நாளே வரி விடாமல் படிப்பாள். வெள்ளைப் பலகைப் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பாள். கேள்விகள் கடுமையாக இருக்கும், ஆனால் குறுக்குப் புத்தி இருக்காது.

அந்த மாதம் ஒரே ஓர் இடத்துக்கு ஒன்பது பேரைப் பார்த்தாள். ஒன்பதாவதாக வந்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரம் பழுதுபார்க்கும் மெக்கானிக். புரோகிராம் எழுத வீட்டில் தானாகவே படித்தவர். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. அவள் கொடுத்த கணக்கை, அவளுக்கே தோன்றியிராத ஒரு வழியில், பாதி நேரத்தில் முடித்துவிட்டார். "கட்டாயம் எடுக்க வேண்டியவர்" என்று எழுதி அனுப்பினாள். வீட்டிலும் அதே பேச்சு.

"நீ ஒருத்தரைப் பாராட்டறியா? குடை எடுத்து வைக்கணும் போலிருக்கே" என்றான் கணவன்.

மறுநாள் காலையில் பார்த்தால், மெக்கானிக்குக்கு 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் போயிருந்தது. நேரே மேலாளரின் அறைக்குப் போனாள்.

"நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சு என்ன ஆகப்போகுது? அந்த இடத்துக்கு மூணு வாரம் முன்னாடியே பக்கத்து டீம்லேருந்து ஆள் எடுத்தாச்சு."

"அப்ப இந்த ஒன்பது பேரு?"

"வெளியாளுங்க பத்துப் பேரையாவது பார்க்கணும்னு விதி இருக்கே. இன்னிக்குப் பதினோரு மணிக்குப் பத்தாவது ஆள். அதோட முடிஞ்சுது. இதுக்குப் போய் ஏன் டென்ஷன்?"

சொல்லிவிட்டு அவர் காபியை உறிஞ்சினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக ஒன்பது பேரை வியர்க்க வைத்தது வெறும் கண்துடைப்பு. அதுவும் அவள் கையாலேயே செய்ய வைத்திருக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு ஓர் இளம்பெண் வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முந்தின நாளே ரயிலேறி வந்தவள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றும்போது சல்லடை நிறுத்தினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகம் கறுத்தது. "இதை ஏங்க என்கிட்ட சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

"தெரியாம உக்கார வைக்க மனசு வரல."

"நிஜமாவே உங்களுக்குக் கோபம்னா, உங்க பேரைப் போட்டு மேலிடத்துக்கு எழுதுங்க. நான் எழுதினா நேரா குப்பைக்குத்தான் போகும்."

சல்லடைக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணின் எதிரிலேயே மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தாள். 'இந்த நேர்காணல் நடக்கவில்லை. இடம் முன்பே நிரம்பிவிட்டது. முந்தைய ஒன்பதும் பொய்' என்று தட்டினாள். ஆளெடுப்புத் தலைமைக் குழுவுக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பினாள்.

மதியத்துக்குள் மேலாளர் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். "முதுகுல குத்திட்டீங்களே!"

"முகத்துக்கு நேராத்தான் கேட்டேன். நீங்கதான் காபி குடிச்சுக்கிட்டிருந்தீங்க."

விசாரணை நடந்தது. பத்துப் பேருக்கும் நிறுவனம் மன்னிப்புக் கடிதம் அனுப்பி, அடுத்த காலியிடத்துக்கு வரச் சொன்னது. ரயிலேறி வந்த பெண் மறுபடி வந்து, வேறு ஒருவர் எடுத்த நேர்காணலில் தேறி, இரண்டு மாடி மேலே வேலைக்குச் சேர்ந்தாள். மேலாளர் நாற்காலியை விட்டு அசையவில்லை. சல்லடையை நேர்காணல் எடுப்பதிலிருந்து நீக்கினார்கள். வருடாந்தர மதிப்பீட்டில் 'குழுவோடு ஒத்துப்போகாதவர்' என்று எழுதினார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் மட்டும் பதிலே போடவில்லை. அவளே அவருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"கணக்கு நல்லா இருந்துச்சு மேடம். ரசிச்சுத்தான் போட்டேன்" என்றார் அவர். "ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ள இன்னொரு தடவை கால் வைக்க மாட்டேன்."

வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போனை வைத்த பிறகும் கொதிப்பு அடங்காமல், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.