கேட்காமலே அர்த்தம் சொல்பவர்

"அசையாதீங்க" என்று சொல்லி, பார்வை சோதிக்கும் இரும்பு ஃப்ரேமை வந்தவரின் மூக்கில் மாட்டிவிட்டு, புருவங்களுக்கு நடுவே விரலால் தட்டுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். "இந்த இடத்துக்குப் பேரு என்ன தெரியுமா? கிளாபெல்லா!" கடைசி வரி மங்கலாகத் தெரிகிறது என்று சொல்ல வந்தவர் வாயெடுப்பதற்குள் விரல் மூக்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது. "இந்தப் பள்ளம் ஃபில்ட்ரம்!" கேட்டாரா அந்த மனுஷர்? பாவம், ஃப்ரேம் மூக்கில் இருக்கும்வரை எழுந்து ஓடவும் முடியாது.

வெள்ளைக்காரனே மறந்துபோன வார்த்தையென்றால் இவருக்குக் கொண்டாட்டம். ஷூ கயிற்றின் நுனியில் இருக்கும் குப்பி ஆக்லெட். கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் பாண்டிகுலேஷன். பக்கத்துத் தையல்கடைக்காரர் இவரைக் கண்டால் கொட்டாவியைக்கூட விழுங்கிவிடுகிறார். தெருவில் இவருக்கு 'அகராதி' என்று பெயர். பாராட்டு என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். சரி, சாதாரண இங்கிலீஷில் நாலு வரி பேசுவாரா? லென்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தால் மகளைத்தான் கூப்பிடுவார்.

"உப்பு போதுமான்னு கேட்டா, நாக்குல இருக்கிற மொட்டுக்குப் பேரு சொல்றாரு. இவரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்" என்கிறார் மனைவி.

போன வருஷம் மகளுக்கு ஒரு இடம் வந்தது. கீரை தின்றால் கண்ணாடியே வேண்டாம் என்று பையனின் அப்பா ஏதோ அளந்துகொண்டிருந்தார். "உங்களை மாதிரி ஆளுக்கு ஒரு வார்த்தை இருக்கு சார். அல்ட்ராக்ரெபிடேரியன். தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்கிறவன்னு அர்த்தம்" என்றார் இவர். வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். எவ்வளவு கச்சிதமான வார்த்தை, ஒருத்தருக்கும் ரசிக்கத் தெரியவில்லையே என்பதுதான் இவருடைய வருத்தம்.

இந்தத் தடவை மகளே தன் ஆபீஸில் ஒருவனை விரும்பினாள். அவனுடைய அப்பா அம்மா வரும் நாளன்று காலையில் இவரைப் பிடித்து உட்கார வைத்தாள். "அப்பா, அவங்க போற வரைக்கும் அந்த இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணுகூட வாயில வரக் கூடாது. ஒண்ணு வந்தா பின்னாலேயே பத்து வரும். இதுவும் போச்சுன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேம்ப்பா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மகள் என்றால் இவருக்கு உயிர். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அவர்கள் வந்ததும் சத்தியம் செய்தபடியே நடந்துகொண்டார். "ஆமாங்க", "சரிங்க", அவ்வளவுதான். "அளந்து பேசற மனுஷன்" என்று பையனின் அப்பா தன் மனைவியிடம் மெச்சிக்கொண்டார். அடுப்படியில் இவர் மனைவிக்குப் புரையேறியது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில், பேச்சு சற்றே ஓய்ந்தபோது, பையனின் அப்பாவுடைய வயிறு கத்தியது. சாதாரணக் கத்தலா! பழைய மோட்டார் தண்ணீர் இழுப்பதுபோல நீளமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். இவர் முகம் மட்டும் மலர்ந்தது. போர்போரிக்மஸ்! எத்தனை வருஷமாக அந்த வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார், ஒரு வயிறாவது வழிவிட்டதா? மகள் கண் கலங்க இவரையே பார்த்தாள்.

பையனின் அப்பா கூச்சத்துடன் சிரித்தார். "இந்தச் சத்தத்துக்குக்கூட இங்கிலீஷ்ல ஏதோ பேரு இருக்காமே. உங்களுக்குத் தெரியுமா சம்பந்தி?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதர் தாமாகவே கேட்கிறார்.

இவர் தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை ஒரே பிடியாக அள்ளி வாய்க்குள் திணித்தார். அதற்குமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, தெரியாது என்று தலையை ஆட்டினார்.