தகரப் புனலில் ஹைட்ரஜன்

ஸ்ரீனிவாசராகவன் கல்கத்தாவில் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வுபெற்ற பின், லேக் மார்க்கெட் கடைகளில் வாங்கிய காலி எண்ணெய்த் தகரங்களை வெட்டி ஒட்டி, பெஹாலா வீட்டு மொட்டைமாடியில் வானம் பார்த்த பெரிய புனல் ஒன்று செய்தார். அடியில் விரல் நீளச் செம்புக் கம்பி. விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலை அதில் பட்டால், லேப்டாப்பில் கோடு மேடாக எழும்பும். ஓர் அணு அந்த அலையை வெளியிடக் கோடி வருடம் எடுத்துக்கொள்ளும். அணுக்கள் ஏராளம், அதனால் அலை ஓயாமல் வருகிறது.

திங்கட்கிழமை அவருக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்குள் அந்த மேட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

விஜயதசமியன்று முதன்முதலாகச் சுவிட்சைப் போட்டார்கள். கோடு தட்டையாகக் கிடந்தது.

மகள் ஷியாமளா செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். பூஜைப் பந்தல் விளக்குகளின் இரைச்சல் என்றாள். பந்தலைப் பிரித்தார்கள், கோடு அசையவில்லை. கேபிளை மாற்றினாள், ஆம்ப்ளிஃபயரை மாற்றினாள். ஒரு நாள் லீவு மூன்று நாளாயிற்று. மூன்றாம் நாள் மாலை டார்ச்சுடன் புனலுக்குள் தலையை விட்டாள்.

"அப்பா, கம்பியில என்ன இது?"

"சந்தனம். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வெச்சேனே."

"கம்பி பூராவா? ஒரு பொட்டு போறாதா?"

"அதுதான் முக்கியமான பார்ட்டுன்னு நீதானே சொன்னே. லேப்டாப்புக்கும்தான் வெச்சேன். அது ஓடறதே."

"அது மூடி மேல."

கல்கத்தா ஈரத்தில் காயாத சந்தனம் சிக்னலை விழுங்கிக்கொண்டிருந்தது. அன்று ஷியாமளாவுக்கு எரிச்சல். இன்று நன்றி. கோடு முதல் நாளே எழும்பியிருந்தால் மறுநாள் ஆபீஸ் போயிருப்பாள். அப்பாவோடு மூன்று மாலைகள் மாடியில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஈரத்துணியால் கம்பியைத் துடைத்தாள். ஆறரை மணிக்குப் பால்வீதி தலைக்கு மேல் வந்தபோது மேடு எழுந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, இன்னும் தொலைவிலுள்ள வாயுத்திரளுடையது.

பூஜை முடிந்ததும் சொல்லும் 'விஜயா' வாழ்த்துக்காகத் தேங்காய் உருண்டையுடன் மாடியேறி வந்த கீழ்வீட்டு வங்காளி அண்ணி தீப்தி பௌதி திரையைப் பார்த்தாள். "மேஷோமோஷாய், இசிஜி நாகி?" மாமா, இது இசிஜியா என்று கேட்டாள்.

"என்னோடது இவ்வளவு ஒழுங்கா இருக்காதும்மா" என்றார் வங்காள மொழியில்.

ஷியாமளா அப்பாவைக் கீழே வரச் சொன்னாள். "இரு, மேடு நகர்றது பாரு" என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை போனவர் வீடு திரும்பவில்லை. பார்த்துவிட்டுத்தான் போனார்.