லனுவோலா குறைக்க மறுத்த எண்கள்

மாலை நாலரைக்குத் தண்ணீர் நிலையத்திலிருந்து, அக்காவோடு வேலை பார்க்கும் பெனியாமினா போன் செய்தான். "வாத்தியாரே, உங்க அக்கா வேலை மேசையிலயே சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

பள்ளி ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை.

லனுவோலா எங்கள் தீவின் குடிநீரைச் சோதிக்கும் அறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இனி அந்த அறையில் இடமில்லை என்று உத்தரவு வந்தது. தேறாவிட்டால் வாசல் காவலுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வேதியியலில் தோற்றிருந்தாள். நான் வேதியியல் வாத்தியார். வீட்டிலேயே வாத்தியார் இருக்க என்ன கவலை என்றது ஊர். சமோவாவில் தம்பி அக்காளை எதிர்த்துப் பேசுவதில்லை என்பது ஊருக்குத் தெரியாதா என்ன?

இணைதிறன்களைக் குறுக்காக மாற்றி எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கால்சியத்துக்கு இரண்டு, ஆக்சிஜனுக்கு இரண்டு. மாற்றிப் போட்டு Ca₂O₂ என்று எழுதுவாள். அதோடு பேனாவை மூடிவிடுவாள். பொது எண்ணால் வகுத்து CaO ஆக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"அக்கா, இதை இன்னும் கொஞ்சம் சுருக்கினா நல்லா இருக்குமோன்னு..."

"எதுக்குடா? அது ரெண்டு குடுத்துச்சு, இது ரெண்டு குடுத்துச்சு. சாவு வீட்டுல மொய்யாப் பாய் கொண்டு வந்தவங்க கணக்கை, சரிக்குச் சரியாப் போச்சுன்னு யாராச்சும் அடிப்பாங்களா? எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிப்பாங்க."

"பேப்பர் திருத்துறவர் அப்படிப் பார்க்க மாட்டாரு."

"அப்ப அந்த ஆளு வளர்ப்பு சரியில்ல."

இப்படியே மாதங்கள் ஓடின. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். கடைசியில் பெனியாமினாவிடம் போய் நின்றேன். அவன் உறவு இல்லை, சொல்லலாம்.

"லனுவோலா, அது யார் எவ்வளவு குடுத்தாங்கங்கிற கணக்கு இல்ல," என்றானாம். "ஒண்ணுக்கு எத்தனைங்கிற விகிதம். ரெண்டுக்கு ரெண்டுன்னாலும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னாலும் அதே சுண்ணாம்புதான்."

"இதை என் தம்பி சொல்லாம நீ ஏன் சொல்ற?"

"உங்க தம்பிக்கு உங்களைக் கண்டா நாக்கு ஒட்டிக்குது."

அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்து, மீன் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊரான் பிள்ளைங்களுக்குத் தொண்டை கிழியக் கத்துற. எனக்குச் சொல்ல மட்டும் வாய் வலிக்குதா?"

"நீங்க அக்கா ஆச்சே."

"பரீட்சை ஹால்ல நான் அக்கா இல்லடா, வெறும் நம்பர்."

அதன்பின் குறைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு எண்ணை அடிக்கும்போதும், யாரையோ அவமதித்துவிட்டதைப் போல் உச்சுக் கொட்டுவாள். ஆனால் விடை சரியாக வந்தது. இந்த முறை தேறிவிடுவாள் என்று நானே நம்பினேன். நம்ப வைத்துவிட்டு இப்படிப் போய்ச் சேர்ந்தால் ஒருவன் யாரிடம் கோபப்படுவது?

அவள் சாய்ந்த மேசையில் இருந்த பயிற்சித்தாளைப் பெனியாமினா கொண்டுவந்து கொடுத்தான். கடைசிக் கணக்கு, நான்கு இணைதிறன் கொண்ட வெள்ளீயத்தின் ஆக்சைடு. Sn₂O₄ என்று எழுதியிருக்கிறாள். நான்கை அடித்து, மேலே இரண்டு என்று போட்டிருக்கிறாள். வெள்ளீயத்தின் கீழிருக்கும் இரண்டை இன்னும் அடிக்கவில்லை.