நான்கு மாத டீச்சர்

கடிகாரம் பழுதுபார்க்கும் ஜாஃபரின் மூத்த மகள் ஷமீம் பானு 1969இல் பி.எஸ்ஸி. தேறினாள். சென்னையில் முஸ்லிம் பெண்களுக்கென்று நடந்துவந்த கல்லூரியின் விடுதியில் தங்கிக் கணிதம் படித்தவள். காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண்.

பட்டம் வந்ததே தவிர வேலை வரவில்லை. ஒரு தனியார் பள்ளி மேனேஜர் சான்றிதழில் கல்லூரியின் பெயரைப் படித்ததும், அங்கே தையலும் சமையலும்தானே சொல்லித்தருவார்கள் என்று கேட்டார். மதிப்பெண் பட்டியலை அவர் புரட்டவே இல்லை. மற்ற இடங்களில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மட்டும் அவள் தவறாமல் புதுப்பித்து வந்தாள்.

மூன்றாம் வருஷம் கூரம் பக்கத்திலிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். நான்கு மாத வேலை.

தலைமையாசிரியர் ஆதிகேசவனும் கல்லூரிப் பெயரில்தான் வந்து நின்றார்.

"அங்க கணக்கெல்லாம் ஒழுங்கா நடத்துறாங்களாம்மா?"

"நடத்தினாங்க சார். நீங்களே கிளாஸ்ல வந்து உக்காந்து பாருங்க."

வாய் தவறி வந்துவிட்ட பேச்சு. அவரோ நிஜமாகவே பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். குழாய் தொட்டியை நிரப்பும் கணக்கு. முதல் வரியிலேயே சாக்பீஸ் உடைந்தது. விடை ஐந்து மணி நேரம் என்று வந்தது, புத்தகத்தில் ஆறு. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் ஐந்துதான்.

"புத்தகத்துல தப்பா அச்சாயிருக்குது சார்."

ஆதிகேசவன் எழுந்து வந்து, தானே ஒருமுறை பலகையில் போட்டுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"நாலு வருஷமா நாங்க ஆறுன்னுதான் சொல்லிக்கினு வரோம்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வெளியே போனார். மறுநாள், அந்நாளில் பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பின் கணக்கும் அவளிடமே வந்தது.

நான்கு மாதம் முடிந்ததும் பழைய டீச்சர் திரும்பினார். இவளுக்கு இடமில்லை. பி.எட். படித்தால்தான் நிலைக்கலாம் என்று ஆதிகேசவன் சொன்னதைக் கேட்டு அவள் படிக்கப் போனாள். அடுத்த வருஷம், அவள் படிப்பு முடியும் முன்பே பள்ளியில் காலியிடம் விழுந்தபோது, அவளுடைய கல்லூரியில் கணிதம் முடித்த பெண் வேறு யாராவது உண்டா என்று கேட்டு அவரிடமிருந்து கார்டு வந்தது. விடுதியில் தன்னுடன் படித்து, பி.எட்.டும் முடித்திருந்த சைதுனின் முகவரியை அனுப்பினாள். சைதுன் ஜூனில் சேர்ந்தாள்.

ஷமீம் பானுவுக்குத் திருப்புட்குழிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைக்க 1975 ஆயிற்று. உத்தரவு வந்த அன்று, எந்தெந்தப் பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை என்று விசாரித்து, விடுதித் தோழிகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.