குறி போடாத விடை

எம்.எஸ்ஸி. படிக்கும்போது நான் காப்பியடித்துவிட்டதாக எங்கள் பேராசிரியர் சந்தேகப்பட்டார். அதற்குக் காரணம் ஒரு க்ளைன் பாட்டில்.

சதுரத் தாளின் எதிரெதிர் விளிம்புகளை அப்படியே ஒட்டினால் சைக்கிள் டியூப் போன்ற ஒரு பரப்பு கிடைக்கும். அது டோரஸ். ஒரு ஜோடி விளிம்பை மட்டும் திசை திருப்பி ஒட்டினால், உள்ளே வெளியே என்று பிரிக்கவே முடியாத க்ளைன் பாட்டில். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் வருவது ஆய்லர் எண். இரண்டுக்கும் அது பூஜ்யம்தான், அதை வைத்து இவற்றை வேறுபடுத்த முடியாது. ஹோமாலஜி கணக்குப் போட வேண்டும். எத்தனை துண்டு, எத்தனை வளையம், உள்ளே அடைபட்ட வெற்றிடம் உண்டா என்று அது சொல்லும். டோரஸுக்கு ஒன்று, இரண்டு, ஒன்று. க்ளைன் பாட்டிலுக்கு ஒன்று, ஒன்று, பூஜ்யம்.

அந்த முறை இன்டர்னல் தேர்வில் சார் யாரிடமும் சொல்லாமல் இரண்டு விதமான வினாத்தாள் கொடுத்திருந்தார். எனக்கு வந்தது க்ளைன் பாட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு டோரஸ். நான் எழுதியிருந்த விடை ஒன்று, இரண்டு, ஒன்று.

மறுநாள் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இது உன் கேள்விக்கு பதில் இல்லம்மா. பக்கத்துல இருந்த பொண்ணோட கேள்விக்கு பதில்.”

“நானே போட்டதுதான் சார்.”

“அந்தப் பொண்ணையும் கேட்டேன். நீ அவ பேப்பரைப் பாத்தியான்னு. ‘தெரியல சார், நான் கவனிக்கல’ன்னு சொல்லுது.”

அவர் சந்தேகப்பட்டதைவிட அந்தக் ‘கவனிக்கல’தான் என்னைச் சுட்டது. அவள் தினமும் படப்பையிலிருந்து பஸ் பிடித்து தாம்பரம் வருவாள். அங்கிருந்து இருவரும் ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போவோம். ‘அவ அப்படிப் பண்ண மாட்டா சார்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையா?

சார் சாக்பீஸை நீட்டினார். போர்டில் சதுரம் வரைந்து, அம்புக்குறி போட்டு, விளிம்பைச் சுற்றி வந்தேன்.

“இந்தப் பக்கம் எதிர்த்திசைல வருதே, மைனஸ் எங்க?”

“மாட் டூல போட்டிருக்கேன் சார். அதுல ப்ளஸும் மைனஸும் ஒண்ணுதானே?”

ப்ளஸ், மைனஸ் குறிகளில் எனக்கு எப்போதும் தடுமாற்றம். அதனால் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ‘மாட் டூ’ என்ற இரண்டின் மட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். அதில் எதுவும் இரண்டு முறை வந்தால் பூஜ்யமாகிவிடும். க்ளைன் பாட்டிலில் ஒரு விளிம்பு ஒரே திசையில் இரண்டு முறை வருகிறது, அதுவும் மறைந்துபோகிறது. அந்தக் கணக்கின் கண்ணுக்கு டோரஸும் க்ளைன் பாட்டிலும் ஒன்றுதான்.

சார் போர்டில் நான் போட்டதை வரிவரியாகச் சரிபார்த்தார். “நான் முழு எண்கள்ல கேட்டிருந்தேன்,” என்றார் கடைசியில். “ஆனா இது காப்பி இல்ல. போ.” பாதி மதிப்பெண் கிடைத்தது.

சாயங்கால ரயிலில் அவள் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

“என்னடி சொன்னாரு?”

“போர்டுல போடச் சொன்னாரு. போட்டேன்.”

“குறியே போடாம எழுதி வெச்சா அவரு சந்தேகப்படாம என்ன பண்ணுவாரு?”

ரயில் ஊரப்பாக்கத்தைத் தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. குறி போடாததை நான் சாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

“நான் குறி போடலன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“சார்தான் சொன்னாரு.”

“நான் போர்டுல போடற வரைக்கும் சாருக்கே அது புரியல. உன்கிட்ட எப்ப சொன்னாரு?”

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, “உன் பேப்பர் தெரிஞ்சுதுடி,” என்றாள். “எனக்கு ஒண்ணுமே ஓடல. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வின்னு நெனச்சுட்டேன்.”

“அதை சார் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?”

“என் விடை கரெக்டா இருந்துச்சே. அதைப் போய் எப்படிடி சொல்றது?”

என் தவறான விடை அவளுடைய டோரஸுக்குச் சரியாகப் பொருந்தி, அவளுக்கு முழு மதிப்பெண் வாங்கித் தந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருங்களத்தூர் வந்தபோது அது கோபமாக மாறியிருந்தது. தாம்பரத்தில் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தேன்.

சாரிடம் நான் போகவில்லை. அவளும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தேர்விலும் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவள் அதைப் பார்த்தாள். செமஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். “குறி போட்டு எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுடி” என்றாள். எனக்கே சரியாக வராத விஷயம். இருவரும் மாலைவரை போட்டுப் பார்த்தோம். நடுவில், இவள் நிஜமாகவே படிக்கத்தான் வந்தாளா, இல்லை நான் சாரிடம் ஏதும் சொன்னேனா என்று வேவு பார்க்க வந்தாளா என்றும் தோன்றியது.

செமஸ்டரில் எங்களை ஹாலின் இரு கோடியில் உட்கார வைத்தார்கள். அவள் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். எப்போதாவது போனில் பேசுவோம். அந்த செமஸ்டரில் அவளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.