புஷ் பக்கம் பேசியவர்

சபாரத்தினம் அண்ணை பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடேயே நான் சமைக்கிற சாப்பாட்டுக் கடைக்கு வந்து, மூலை மேசையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிடுவார். லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் பக்கம் அவரை யாரும் சபாரத்தினம் என்று சொல்வதில்லை. அவருக்குப் பேர் புஷ் அண்ணை.

அந்தப் பேர் வந்தது தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில். 2004ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். 'அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷின் ஆட்சியில் விஞ்சி நிற்பது நன்மையா, தீமையா?' என்பது தலைப்பு. நன்மைப் பக்கம் பேச ஒருவரும் வரவில்லை. சீட்டுக் குலுக்கினார்கள். அது இவர் தலையில் விழுந்தது.

முந்தைய ஆண்டு ஈராக் சண்டை வேண்டாம் என்று லண்டனில் ஊர்வலம் போனபோது, கொட்டும் குளிரில் கடைசிவரை நடந்த மனிதர் அவர். அடுத்த நாள் கடைக்கு வந்து வெந்நீரில் கால் வைக்கலாமா என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் சீட்டில் வந்ததை மறுக்கவில்லை. நூலகத்துக்குப் போனார். படித்தார். மேடையில் ஏறி, ஆபிரிக்காவுக்கு எயிட்ஸ் மருந்து கொடுக்கும் திட்டம், வயோதிபரின் மருந்துச் செலவுக்குக் கொண்டுவந்த சட்டம், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் என்று விளாசித் தள்ளினார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. நடுவர் தீமைதான் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"புஷ் அண்ணை வாறார், எண்ணெய்ப் போத்தலை ஒளிச்சு வையுங்கோ!" என்று கடை முதலாளி பெனடிக்ற் தினமும் கத்துவார்.

"ஒளிக்காதையும் ஐசே, உம்மட வடையைப் பிழிஞ்சாலே ஒரு போத்தல் வரும்" என்பார் அண்ணை.

இப்படிப் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒக்டோபரில் அந்த மனிதர் வரும்வரை.

ஐம்பது வயதிருக்கும். முன்பு பார்த்திராத முகம். ஒரு வடையும் தேநீரும் வாங்கினார். வடையைத் தொடவேயில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் பேசுவதற்கு முன் அந்த வீட்டுக்குக் கிட்டவுள்ள கடையில் போய் இருந்து விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சபாரத்தினம் அண்ணையின் மகள் மேனுஷாவும் விம்பிள்டனில் இருக்கிற சிவதர்ஷனும் விரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து பெனடிக்ற்றுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"இஞ்ச பஸ் ஓடுற சபாரத்தினம் எண்டு ஒருத்தர்... ஆள் எப்பிடி?" என்று கேட்டார் வந்தவர்.

"ஆர், எங்கட புஷ்ஷோ? புஷ்ஷுக்காக உயிரையும் விடுவார்!" என்றார் பெனடிக்ற், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு.

வந்தவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அவர்தான் சிவதர்ஷனின் தகப்பன் புவனேந்திரன்.

மறுநாள் மேனுஷா வீங்கிய கண்ணோடு வந்தாள். சண்டைக்குக் கைதட்டுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். பெனடிக்ற் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே தொலைபேசியில், அது பட்டிமன்றத்தில் பேசினதால் வந்த பேர் என்று சொல்லிக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வந்து ஆளோடு நேரே கதைத்துப் பாருங்கள் என்று புவனேந்திரனைச் சம்மதிக்கவைத்தார்.

ஞாயிறன்று மூலை மேசைக்கு ஒரு விரிப்புப் போட்டோம். அவர் வருவதற்கு முன் மேனுஷா தகப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ப்ளீஸ். புஷ்ஷைப் பிடிக்காது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்காதேங்கோ."

"ஓம், ஓம்" என்றார் அண்ணை.

புவனேந்திரன் வந்தார், இருந்தார், சுற்றி வளைக்கவில்லை.

"நாங்கள் பிரான்சில இருந்து வந்தனாங்கள். பிரான்ஸ் அந்தச் சண்டைக்குப் போகேல்லை. நேர கேக்கிறன், நீங்கள் அந்தாளின்ர ஆளோ?"

"சண்டை பிழை. அதுக்கு எதிராய் ஊர்வலத்தில ஹைட் பார்க் வரைக்கும் நடந்தனான்."

புவனேந்திரனின் முகம் தெளிந்தது. மேனுஷா மூச்சு விட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா..." என்றார் அண்ணை.

மேசைக்குக் கீழே மேனுஷா காலால் உதைத்தாள். கோப்பைகள் ஆடின.

"ஆனா, மேடையில நான் சொன்னதில அரைவாசி எனக்கு இப்பவும் சரியாத்தான் படுது. ஆபிரிக்காவில மருந்தில்லாமல் சனம் சாகுது. அதுக்குக் காசு ஒதுக்கினது நல்ல வேலை. இதை ஒளிச்சுப்போட்டுச் சம்பந்தம் செய்ய எனக்கு ஏலாது."

மேனுஷா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். புவனேந்திரன் கோப்பையை மெல்ல வைத்தார்.

"சரி, அதை விடுவம். வயோதிபருக்கு மருந்து எண்டும் சொன்னீங்களாம். மருந்துக் கொம்பனியோட அரசாங்கம் விலை பேசக்கூடாது எண்டு அதே சட்டத்தில கிடக்கு. தெரியுமோ?"

அண்ணை விழித்தார். "அது தெரியாது."

"தெரியாமலே மேடையில ஏறினனீங்கள்?"

"சீட்டு விழுந்தது, ஏறினன். தெரிஞ்சவை ஒருத்தரும் அந்தப் பக்கம் வரேல்லையே!"

புவனேந்திரன் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு. "ஐயோ, சீட்டோ! நான் என்னவோ எண்டு நினைச்சன்." கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "வரிக் குறைப்புக்கு என்ன சொல்லுவீங்கள்? சொல்லுங்கோ பாப்பம். வீட்டில நான் வாய் திறந்தால் எல்லாரும் ஓம் ஓம் எண்டிட்டு எழும்பிப் போயிடுவினம். நீங்கள் எண்டாலும் மறுமொழி சொல்லுங்கோ."

அண்ணைக்கு வேறென்ன வேண்டும்? வரியில் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம், இரும்புக்கு இறக்குமதித் தீர்வை என்று போய்த் திரும்பவும் ஈராக்குக்கு வந்தார்கள். புவனேந்திரன் மேசையில் அடித்தார். அண்ணை எழுந்து நின்று பேசினார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டேயிருந்தேன். இந்தமுறை புவனேந்திரன் வடையை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார்.

மேனுஷா அடுப்படிக்கு வந்தாள். "அன்ரி, இவை எப்பதான் கல்யாணம் கதைக்கப் போயினம்?"

"நீயே போய்க் கேள்" என்றேன்.

போய்க் கேட்டாள். "அங்கிள், தையோ சித்திரையோ?"

"சித்திரை, பிள்ளை. தை குளிர்" என்றார் புவனேந்திரன் திரும்பிப் பார்க்காமலே. பிறகு அண்ணையின் பக்கம் விரலை நீட்டி, "நீங்கள் கதையை மாத்தாதேங்கோ, சம்பந்தி!" என்றார்.

மேனுஷா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவு திறந்தபடியே கிடந்ததால் அவள் கதைத்தது உள்ளே கேட்டது.

"தர்ஷன், ஓகேயாம்! சித்திரையாம்! ஆனா நாங்கள் நினைச்சதைவிட மோசம். இனி ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு அப்பாமாரும் இஞ்ச இருந்து வாதாடப் போயினம்."