மிதவையைச் சுற்றி மூன்று வட்டம்

மாமா அந்தப் பந்தயத்தில் தோற்றது சித்தி சொன்ன ஒரே ஒரு சொல்லால்தான் என்று ஒன்பது வயதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அத்தனை நிச்சயம் அதற்குப் பிறகு எனக்கு எதிலும் வாய்க்கவில்லை.

திருவொற்றியூரில் கடலரிப்புக்குப் பாறாங்கல் கொட்டப்படாமல் மிஞ்சியிருந்த ஒரு துண்டு மணலில், உயிர்காப்புக் கழகத்தார் ரப்பர் படகுப் பந்தயம் வைத்தார்கள். காற்றடைத்த மூன்று படகுகள். ஒவ்வொன்றிலும் மோட்டாரைப் பிடிக்க ஒருவர், ஆளைத் தூக்க ஒருவர். அலைகளைத் தாண்டி மிதவை வரை போய், அங்கே மூழ்குகிறவராக நடித்தபடி கையை உயர்த்திக் காத்திருப்பவரை ஏற்றிக்கொண்டு முதலில் கரை தொட வேண்டும். வெல்கிற படகோட்டிக்குக் கழகத்தில் நிரந்தர வேலை. மீன்பிடிக்கப் போவதை இரண்டு வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டு, கிடைத்த கூலிக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த மாமாவுக்கு அது எவ்வளவு தேவை என்பதை வீடே அறியும். பள்ளிக்கூடத்தில் நான் அவர் வென்றுவிட்டதாகவே சொல்லியிருந்தேன்.

மாமாவின் படகுக்கு மூழ்குகிறவராக நடிக்கத்தான் குப்பத்தில் ஆள் அகப்படவில்லை. "செத்தவனாட்டம் தண்ணில கெடந்தா, கடலு அத நெசம்னு எடுத்துக்கும் நைனா" என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில், "நான் போறேண்ணா" என்றாள் சித்தி. அவள் மாமாவின் தங்கை. அவள் கணவர், என் சித்தப்பா, இரண்டு வருடங்களுக்கு முன் காட்டுப்பள்ளிக்கு நேரே கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. மாமா அவளை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அன்று காலை கடலும் வானமும் சாம்பலின் ஒரே நிறத்தில் இருந்தன. அலை உடைவது முதலில் தெரிந்தது. ஓசை சற்றுப் பிந்தி வந்தது. தூரத்தில் மூன்று ஆரஞ்சு மிதவைகள், அவற்றினருகே மூன்று கைகள். மாமாதான் முதலில் சேர்ந்தார். சித்தியைத் தூக்கிப் படகில் போட்டதைப் பார்த்ததும் நான் மணலில் குதித்தேன்.

ஆனால் படகு கரைக்குத் திரும்பவில்லை. மோட்டார் முனகலாக அடங்கியது. படகு மிதவையை மிக மெதுவாக ஒருமுறை சுற்றியது, பிறகு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பின்பு மாமா ஆளற்ற பக்கமாகக் குனிந்து, இரு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, எதையோ பற்றி இழுப்பவர் போலப் பின்னுக்குச் சாய்ந்தார். அதற்குள் மற்ற இரண்டு படகுகளும் கரையேறிவிட்டன.

அவர்கள் வந்துசேர்ந்தபோது மூவருமே இடப்பக்கம் ஒடுங்கியிருந்தார்கள். தண்ணீரில் அமிழ்ந்திருந்ததோ வலப்பக்கத்து ரப்பர்.

ஆளைத் தூக்கப் போன இளைஞன் குதித்திறங்கித் தலையில் அடித்துக்கொண்டான். "இது ரேஸு மாமு! ‘வேற யார்னா கீறாங்களா’ன்னு கேட்டுகினு நிக்கிறியே! அக்காவும் ‘கீறாரு’ன்னு சொல்லுது!"

கடலில் ஒருவரைத் தூக்கினால், படகைத் திருப்பும் முன் அவரிடம் அதைக் கேட்டாக வேண்டும். அவர் சொல்வதை நம்பியாக வேண்டும். அது எங்கள் கடற்கரைக் குப்பங்களின் முறை. பந்தயத்தில் அதைக் கேட்க வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

எல்லாரும் இறங்கிய பின்னும் மாமா, கடைசி ஆள் இறங்குவதற்காகப் பிடிப்பதைப் போல, படகை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ கொடுத்த உலர்ந்த துண்டால் சித்தி தன் தலையைத் துவட்டவில்லை. அதை விரித்துப் படகை நோக்கி நீட்டியபடி நின்றாள்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்று மாலை ஆத்திரம் தாங்காமல் சித்தியிடம் கேட்டேன். "அங்க யாருமே இல்ல. நீ பொய்தான சொன்ன?"

அவள் என் பின்னலைச் சரிசெய்தபடி, "இந்த வாட்டி அண்ணன் கேட்டுட்டு நின்னாரு இல்ல?" என்றாள்.

இந்த முறை என்றால் இன்னொரு முறை எது என்று கேட்கும் புத்தி அப்போது எனக்கில்லை. பல வருடங்கள் கழித்து அம்மா சொன்னாள். சித்தப்பா போன அன்று மாமாவும் அதே படகில்தான் இருந்திருக்கிறார். கவிழ்ந்த படகருகே மிதந்தவரை அவ்வழியே வந்த லாஞ்சுக்காரர்கள் தூக்கி, அரை நினைவில் கிடந்தவரிடம் அந்தக் கேள்வியை முறைப்படி கேட்டிருக்கிறார்கள்.

"இல்ல" என்றாராம் மாமா. அவர்கள் நம்பித் திரும்பிவிட்டார்கள்.